ஒரே உலை: ஈ.எஸ்.ஐ. எப்படி இயங்குகிறது?

வடபழனியில் மாடி ரூம் எடுத்துத் தங்கும் இளைஞர்கள் பலர் கூட்டாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒருவர் துணிக்கடை சேல்ஸ்மேன், ஒருவர் டப்பிங் ஸ்டூடியோ உதவியாளர், ஒருவர் ஆற்காடு சாலை ஹோட்டலில் சப்ளையர். வழக்கமாக மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். இப்படி ஒரு ரூமில் வேறொரு முறை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: சம்பளத்துக்குத் தக்கபடி பணம், பசிக்குத் தக்கபடி சோறு. 20,000 வாங்குகிறவர் கூடுதலாகப் போடுவார், 12,000 வாங்குகிறவர் குறைவாகப் போடுவார். தட்டில் விழும் சோற்றை யாரும் அளக்க மாட்டார்கள். காய்ச்சலில் படுத்தவருக்குத் தனியாகக் கஞ்சி உண்டு, அதற்குத் தனிக் காசு இல்லை.

மருத்துவத்தைப் பற்றி சோஷலிசம் சொல்வதன் சாரம் இதுதான். போடுகிற கணக்கு வேறு, எடுக்கிற கணக்கு வேறு. 1875-ல் கோத்தா திட்டத்தை விமர்சித்தபோது மார்க்ஸ் இந்தப் பிரிவினையை வருங்காலச் சமுதாயத்தின் லட்சியமாக வைத்தார். அதை இன்றே நடத்திக் காட்ட ஏற்ற முதல் இடம் மருத்துவம். யாரும் விரும்பி நோயை வரவழைப்பதில்லை. அதோடு, மருத்துவச் செலவு வரும் நாளும் சம்பளம் நின்றுபோகும் நாளும் பெரும்பாலும் ஒரே நாள்தான்.

வடபழனிக்குத் தெற்கே கே.கே.நகரில் இருக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இப்படிப்பட்ட ஒரு உலையில் வேகும் சோறு. 1948-ல் வந்த தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தில் பிறந்த இந்தத் திட்டத்துக்கு, 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி தன் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். நம் ரூமில் 12,000 வாங்குகிறவருக்கு மாதம் 90 ரூபாய் பிடிப்பார்கள், முதலாளி 390 போடுவார். 20,000 வாங்குகிறவருக்கு 150, முதலாளி 650. ஆக, அரிசியில் பெரும்பங்கு முதலாளியுடையது. வார்டில் இந்த இருவரும் படுக்கும் கட்டில் ஒன்றே. யாருக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து நிறுத்தும் உச்சவரம்பு கிடையாது. மனைவி, பிள்ளைகள், அண்டியிருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் இதே பந்தி. உடம்பு முடியாமல் லீவு போட்டால், போதிய நாள் சந்தா கட்டியவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கையில் வரும். உலை வைத்தவர் படுத்துவிட்டாலும் அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்று யோசித்து எழுதிய சட்டம்.

சாமான் வாங்குவதிலும் சூட்சுமம் இருக்கிறது. தினம் பொட்டலமாக வாங்கினால் கட்டுப்படியாகாது, கோயம்பேட்டில் மூட்டையாக வாங்கினால் கட்டுப்படியாகும். ஈ.எஸ்.ஐ. கார்டு கேட்காமல் வரிப்பணத்தில் நடக்கும் இன்னொரு அடுப்பான அரசு மருத்துவமனைக்கு இந்த வேலையைச் செய்வது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விடுவார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு ஒதுக்கிய தொகை அதில் இருக்கும். மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்கக் கழித்து எழுதுவார்கள். வந்திறங்கும் மாத்திரையில் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அட்டையிலேயே அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சாகியிருக்கும். வெளிமாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு இது. நமக்கு இதில் நியாயமான பெருமை உண்டு.

உலை எங்கே ஆறிப்போகிறது? நன்றாகச் சம்பாதிக்கிறவர் ரூம் சாப்பாட்டை விட்டு ஹோட்டலுக்குப் போகும்போது. அவர் பணமும் போகும், உப்பு குறைந்தால் சத்தம் போடும் வாயும் போகும். ஈ.எஸ்.ஐ. இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. சம்பள வரம்பை 2017 ஜனவரியில் 15,000-லிருந்து 21,000 ஆக்கினார்கள். ஒரு இன்கிரிமென்ட்டில் அதைத் தாண்டிய சேல்ஸ்மேன், நடப்பு ஆறு மாதச் சந்தாக் காலம் முடிந்ததும் வெளியே வந்துவிடுவார். வாய்திறந்து கேட்கத் தெரிந்தவர்கள் இப்படியே ஒவ்வொருவராகக் குறைந்தால் மிச்சம் நிற்பது ஏழைகளின் வரிசை மட்டும்தான்.

பிரிட்டனில் இதை உணர்ந்தவர் அனூரின் பெவன். டிரெடிகர் என்ற வேல்ஸ் சுரங்க ஊர்க்காரர். அங்கே தொழிலாளர்கள் கூலியில் பங்கு போட்டு நடத்திய மருத்துவச் சங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர். சுகாதார அமைச்சரானதும் 1948 ஜூலை 5 அன்று நாட்டுக்கே ஒரே உலை வைத்தார், பணக்காரருக்கும் சேர்த்து. 1951-ல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க அரசு முடிவெடுத்தபோது மந்திரி பதவியை விட்டு வெளியேறினார். சின்ன விஷயத்துக்காக என்று அன்று பலர் நினைத்திருக்கலாம். எடுக்கிற கணக்கில் காசு ஒருமுறை நுழைந்தால் எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம்மிடம் இன்னொரு கதவும் பாதிதான் திறந்திருக்கிறது. ஈ.எஸ்.ஐ. பொதுவாகக் கட்டாயமாவது பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில். வடபழனியின் டீக்கடை மாஸ்டரும் தையல்கடைப் பையனும் அந்த எண்ணிக்கைக்குள் வருவது அரிது. ஷூட்டிங்குக்கு ஷூட்டிங் முதலாளி மாறும் லைட்மேனுக்கு அந்த 3.25 சதவீதத்தை யார் போடுவது? சம்பள வரம்பை எடுத்துவிட்டு, நிலையான முதலாளி இல்லாதவரின் பங்கை அரசு போடட்டும்.