கடைசியில் வருபவனையும் எண்ணும் ஓட்டம்



உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அம்மா, அடுத்த வாரம் குறுக்கோட்டம். நானும் பேர் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லியிருக்கும். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? "நீ எங்கே முதலில் வரப் போகிறாய்? வெயிலில் ஓடிக் காய்ச்சலில் படுத்தால் யார் பார்ப்பது?" என்று கேட்டீர்களா? பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் இரண்டு சொல் கூடுதலாகவே விழுந்திருக்கும்.

உங்களைக் குறை சொல்லவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, நிரை நிரையாக மரம் வெட்டி, மங்கு மங்காகப் பாலெடுத்து, வாளி சுமந்து மேடும் பள்ளமும் நடந்த குடும்பங்கள் நம்முடையவை. அந்தக் கால்களுக்கு ஓட்டம் ஒரு விளையாட்டாகத் தோன்றாதுதான். ஆனாலும் இந்தக் குறுக்கோட்டத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் பிறகு பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கள்.

காகிதம் சிதறிய முயல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பள்ளி மாணவர்கள் 'முயலும் வேட்டை நாயும்' என்று ஒரு விளையாட்டு விளையாடினார்கள். ஒருவரோ இருவரோ முயலாகி, காகிதத் துண்டுகளைச் சிதறிக்கொண்டே முன்னால் ஓடுவார்கள். மற்றவர்கள் வேட்டை நாய்களாகி, அந்தத் தடம் பார்த்துப் பின்னால் துரத்துவார்கள். வயல், வேலி, ஓடை, சேறு எது குறுக்கே வந்தாலும் தாண்டித்தான் ஆக வேண்டும். அதிலிருந்து பிறந்ததுதான் குறுக்கோட்டம்.

1868இல் லண்டனில் இதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. 1876இல் முதல் தேசியப் போட்டி நடத்திப் பார்த்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? ஓடியவர்கள் எல்லாரும் வழி தவறிப் போனார்கள்! போட்டி செல்லாது என்று அறிவித்துவிட்டு, மறு ஆண்டு முதல் ஒழுங்காக நடத்தினார்கள்.

இந்தக் காகித விளையாட்டு நம் ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. 1938இல் கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் 'ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்ற ஓட்டக் குழுவைத் தொடங்கினார்கள். வேலை முடிந்த மாலையில் காகிதத் தடம் பார்த்து, சுற்றுவட்டார ரப்பர்க் காடுகளுக்குள் ஓடினார்கள். கிஸ்பர்ட் 1942இல் சிங்கப்பூரைக் காக்கும் போரில் உயிர் இழந்தார். அவர் தொடங்கிய ஓட்டமோ இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் ஈப்போவிலும் அதன் குழு உண்டு. துரைமார் பொழுதுபோக்காக ஓடிய அதே மண் பாதையில்தான் நம் பெற்றோர் பிழைப்புக்காக நடந்தார்கள். அந்தப் பாதை இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் இருந்தது.

எட்டுக் கட்டைப் பந்தயம்

இனி 1903ஆம் ஆண்டுக்குப் போவோம். மார்ச் மாதம் 28ஆம் தேதி, ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகருக்கு அருகே ஹாமில்டன் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் முதலாவது அனைத்துலகக் குறுக்கோட்டப் போட்டி நடந்தது. 'அனைத்துலகம்' என்று பெயர்தான் பெரிது. வந்தவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கு அணிகளே. தூரம் எட்டு மைல். நம் பேச்சில் சொன்னால் எட்டுக் கட்டை!

முதலில் வந்தவர் ஆல்ஃபிரட் ஷ்ரப். இவர் சீமான் வீட்டுப் பிள்ளை அல்லர். இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள ஸ்லின்ஃபோல்டு என்ற சிற்றூரில் 1879இல் பிறந்து, கட்டட வேலை செய்து பிழைத்தவர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒருநாள் மூன்று மைல் தள்ளி எங்கோ தீப்பிடித்ததாம். குதிரைகள் பூட்டிய தீயணைப்பு வண்டி விரைந்து போக, வேலை உடையோடு அதன் பின்னாலேயே ஓடினாராம் ஷ்ரப். அதைக் கண்ட ஓட்டச் சங்கத்துக்காரர் ஒருவர், "இவன் சாதாரண ஆளில்லை" என்று கண்டுகொண்டு அவரைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டாராம்.

அந்த ஒருவரின் கண்ணில் பட்டிராவிட்டால் ஷ்ரப் கடைசி வரை செங்கல் சுமந்திருக்கலாம். 1904லும் அவர்தான் அனைத்துலக வீரர். அதே ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி கிளாஸ்கோவில் ஒரு மணி நேரத்தில் 18 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஒரே மாலையில் பல உலகச் சாதனைகளை முறியடித்தார்.

ஆறாவது ஆளின் கணக்கு

இவ்வளவு சொன்ன பிறகும், "முதலில் வந்தவன் கதை எனக்கு எதற்கு? என் பிள்ளை நாற்பதாவது வருவானே" என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பந்தயத்தின் உயிரே அந்த நாற்பதாவது ஆளிடம்தான் இருக்கிறது.

அந்த அனைத்துலகப் போட்டியில் அணிக்கும் பட்டம் உண்டு. ஒவ்வோர் அணியிலும் முதலில் வந்து சேரும் ஆறு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். முதலிடத்துக்கு ஒரு புள்ளி, பத்தாம் இடத்துக்குப் பத்துப் புள்ளி. கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்கே வெற்றி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அணியில் ஐந்து பேர் முதல் ஐந்து இடங்களையும் பிடித்துவிட்டார்கள். ஆறாவது ஆள் மட்டும் அறுபதாவதாக வந்தான். ஒன்றும் இரண்டும் மூன்றும் நான்கும் ஐந்தும் அறுபதும் சேர்ந்து 75 புள்ளிகள். இன்னோர் அணியில் ஒருவர்கூட முன்வரிசையில் இல்லை. ஆனால் ஆறு பேரும் விட்டுப் பிரியாமல் ஓடி 8 முதல் 13 வரை வந்தார்கள். கூட்டினால் 63! வெற்றி யாருக்கு? ஒரு சூரனும் இல்லாத அந்த இரண்டாவது அணிக்குத்தான்.

ஏழாவதும் எட்டாவதும் வருகிறவர்கள் வீண் என்றும் நினைக்காதீர்கள். அவர்கள் எதிரணியின் ஆறாவது ஆளுக்கு முன்னால் வந்துவிட்டால், அவனுடைய இடம் பின்னுக்குப் போகும். எதிரணியின் புள்ளியும் ஏறும். ஆகவே கடைசி நூறடியில் ஒருவனை முந்துவதும் வெற்றிக்குச் செய்யும் உதவிதான். மரத்துக்கு மரம் ஒழுகும் பால் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்துதானே வாளி நிறைகிறது!

1907இல் பிரான்சும் போட்டிக்கு வந்தது. அந்நாட்டின் ஜான் புவேன் 1911, 1912, 1913 என மூன்று முறை தனிநபர் பட்டத்தை வென்றார். அப்படிப்பட்ட வீரர் இருந்தும் அணிப் பட்டம் இங்கிலாந்துக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு மரம் தோப்பாகாது அல்லவா? பிரான்ஸ் முதன்முதலாக அணிப் பட்டம் வென்றது 1922இல்தான். புவேனுக்கு அதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. 1914இல் முதல் உலகப் போரில் மாண்டுபோனார்.

1973 முதல் இப்போட்டி உலகக் குறுக்கோட்டப் போட்டியாக வளர்ந்தது. 1986 முதல் 2003 வரை தொடர்ந்து 18 ஆண்டுகள் ஆடவர் நெடுந்தூர ஓட்டத்தின் அணிப் பட்டம் கென்யாவுக்கே போனது. ஒரே ஒரு வீரனை நம்பிய நாட்டால் இப்படி வெல்ல முடியுமா?

காசு வாங்கியது குற்றமா?

ஷ்ரப் கதையில் கசப்பான பக்கமும் உண்டு. ஓட்டத்துக்குப் பணம் பெற்றார் என்று 1905இல் அவரை அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டார்கள். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. சொத்துள்ளவன் காசு வாங்காமல் ஓடலாம். அவனுக்கு அடுப்பு எரியும். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவன் என்ன செய்வான்? இவ்வளவு பெரிய வீரர் ஒரு முறைகூட ஒலிம்பிக்கில் ஓடவில்லை. பணத்துக்கு ஓடுகிறவராக அமெரிக்கா, கனடா சென்று, குதிரையோடுகூடப் பந்தயம் ஓடிப் பிழைத்து, 1964இல் கனடாவில் காலமானார்.

அந்தச் சட்டம் இன்று இல்லை. ஆனால் வேறு வடிவில் தடை நம் வீடுகளிலேயே இருக்கிறது. சப்பாத்து வாங்கக் காசில்லை, பயிற்சி முடிந்து வர பஸ் இல்லை, "ஓடினால் சோறு வருமா?" என்ற கேள்வி வேறு. இவற்றால் பாதியில் நின்ற கால்கள் எத்தனை!

நின்றுவிடாத கால்களும் உண்டு. நம் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பெண்பிள்ளை ஓடலாமா என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் பெயர் ஒன்று போதும். நெடுந்தூரத்துக்கும் நம்மவர் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்து கோ. லட்சுமணன் 2017 ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார்.

உங்கள் பிள்ளை ஓடப் போகிறதா?

அப்படியானால் சில சொற்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓடக் கூடாது, பசியாறி நேரமாகட்டும். தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். புதுச் சப்பாத்து வாங்கினால் இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழகட்டும்; போட்டியன்று புதிதாகப் போட்டால் கால் கடிக்கும். முதல் கட்டையில் பாய வேண்டாம். முன்னால் பறக்கிறவர்களில் பாதிப் பேரைப் பிற்பாதியில் பிடித்துவிடலாம்.

வெயிலை இளக்காரமாக நினைக்காதீர்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கடும் வெயிலில் குறுக்கோட்டம் நடத்தினார்கள். 38 பேர் புறப்பட்டு, 15 பேரே முடித்தார்கள். அதன் பிறகு ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். ஆகவே காலை நேரத்தில்தான் பயிற்சி. காய்ச்சலோ நெஞ்சு வலியோ தலைச் சுற்றலோ இருந்தால் ஓட்டமே வேண்டாம், ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

நாம் நடந்த தோட்டங்களில் பல இன்று செம்பனைக் காடாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. லயங்கள் இருந்த இடம்கூடச் சில ஊர்களில் தெரியவில்லை. அந்தச் செம்மண் பாதையில் விடியற்காலையில் நடந்து பழகிய உரம் மட்டும் நம் பிள்ளைகளின் கால்களில் இன்னும் இருக்கிறது.

பல பள்ளிகளில் குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் தன் இல்லத்துக்குப் புள்ளி சேர்க்கிறது. ஆகவே அடுத்த முறை பிள்ளை வந்து, "அம்மா, நான் நாற்பதாவது வந்தேன்" என்று சொன்னால், "அவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். "நின்றுவிடாமல் ஓடி முடித்தாயா?" என்று கேளுங்கள். முடித்தேன் என்றால், முதுகில் தட்டி ஒரு கோப்பைத் தேநீர் கொடுங்கள். அணியின் கணக்கில் அந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் உண்டு!