சிம் உள்ள டேப்லெட் தேவைதானா?

இன்று கடையில் டேப்லெட் வாங்கச் செல்வோர், ஒரே கருவி இரு வகையாக விற்கப்படுவதைக் காண்கின்றனர். ஒன்று வைஃபை மட்டும் உடையது. மற்றொன்று சிம் பொருத்தப்பெற்று, கைப்பேசிக் கோபுரத்தோடு தானே தொடர்பு கொள்ள வல்லது. பின்னதற்கு விலை மிகுதி. அம்மிகுதியைக் கொடுப்பது தகுமா என்பதே நாம் ஆராய வேண்டியது.

2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதல் ஐபேட் விற்பனைக்கு வந்தபோது, வைஃபை வகையின் தொடக்க விலை 499 டாலர். அதே கொள்ளளவுடைய சிம் வகையின் விலை 629 டாலர். வேற்றுமை 130 டாலர். அதாவது முதல் விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். ஐபேடின் சிம் வகையில் செயற்கைக்கோள் வழியே இடமறியும் ஜிபிஎஸ் கருவியும் உண்டு; வைஃபை வகையில் அஃது இல்லை.

செலவு வாங்கும் நாளோடு முடிவதன்று. சிம் ஒன்றுக்கு மாதம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்றாண்டுப் படிப்புக்கு 7,200 ரூபாய் ஆகிறது. கூடுதல் விலையையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அது தந்தையின் உழைப்பிலிருந்து வருவது அன்றோ?

மாற்று வழி இல்லையா எனின், உண்டு. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வசதியைத் திறந்தால், வைஃபை டேப்லெட் அதன்வழி இணையத்தை அடையும். கைப்பேசியின் மின்கலம் விரைவில் குறையும். அன்றாட டேட்டா அளவும் அதே கணக்கில் கழியும். இவ்விரண்டும் பொறுக்கக்கூடிய குறைகளே.

என்னிடம் யோசனை கேட்கும் மாணவரை நான் மூன்று வினாக்கள் வினவுவதுண்டு. முதலாவது: உனக்கெனக் கைப்பேசி உண்டா? 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையத்தில் நடந்தபோது, பல வீடுகளில் இருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட்டது. பிள்ளை பாடமின்றி இருந்தது. அத்தகைய வீட்டிற்குச் சிம் உள்ள டேப்லெட் ஆடம்பரம் அன்று. கல்விக்கு வாயில் ஆகும். இரண்டாவது: நிலவியல், வேளாண்மை போன்ற துறைகளில் வெளியிடங்களில் களப்பணி செய்பவனா நீ? ஆயின் தனி இணைப்பும் ஜிபிஎஸ் கருவியும் பயன் தரும். மூன்றாவது: உன் ஊரில் கோபுர அலை கிட்டுகிறதா? சிம் கோபுரத்தைக் கொண்டுவராது. அலை எட்டாத மலையூரில் அக்கூடுதல் விலை வீண். அங்கு வாழ்வோர், கல்லூரி வைஃபையில் நூல்களையும் பாடங்களையும் பதிவிறக்கிச் சென்று படிப்பதே சிறந்தது.

ஒன்றை மறவாதீர்கள். வைஃபை வகையை வாங்கியபின் அதில் சிம் வசதியைச் சேர்த்துக்கொள்ள இயலாது. ஆகவே, முன்னரே தெளிதல் வேண்டும். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையும் ஹாட்ஸ்பாட்டும் கிட்டாமல், படிப்பிற்கு இணையம் தேவைப்பட்ட வேளைகளை மட்டும் அதில் எழுதுங்கள். பொழுதுபோக்கைக் கணக்கில் சேர்க்க வேண்டா. நாள்தோறும் ஒரு குறிப்பு விழுந்தால், சிம் வகையைத் தயங்காமல் கேளுங்கள். ஏடு வெறுமையாக இருந்தால், வைஃபை வகையே போதும். மிஞ்சிய பணம் நூல்களுக்கு ஆகட்டும். ஆசை கேட்பது வேறு. தேவை கேட்பது வேறு. இரண்டையும் பிரித்தறியப் பழகுவதும் கல்வியின் ஒரு பகுதியே.