கரப்பானும் கிழக்குக் காற்றும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்து நண்பர் கேட்டபோது, இலக்கியம் எழுத நான் ஆளில்லை என்று சொல்லிப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடம் கேரள அரசு மருத்துவமனைகளில் மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். காகிதத்தில் மருந்தாளுநர், ஊர் வாயில் கம்பவுண்டர். "அப்ப மருந்தைப் பத்தியே எழுதுங்க" என்று விட்டார். எனக்குப் பட்ட அடியோடு சம்பந்தப்பட்ட ஒன்றை எழுதுகிறேன்.

சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுப்போன இடம்தான் பாலக்காட்டுக் கணவாய். கார்த்திகை, மார்கழியில் கோவைப் பக்கமிருந்து வறண்ட காற்று அந்த வழியாக ஊளையிட்டு வரும். மலையாளத்தார் திருவாதிரைக் காற்று என்பார்கள். உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும். கரப்பான் உள்ள பிள்ளைகள் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருக்கும்.

பத்து வருடத்துக்கு முன் ஷார்ஜாவிலிருந்து மகள் வந்திருந்தாள். பேரனுக்கு அப்போது நாலு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறமும் தடித்துச் சிவந்து கிடந்தது. "அப்புச்சி, அரிக்குது" என்று என் மடியில் வந்து உட்கார்ந்தான். ஒரு கடையில் டியூப் மருந்து வாங்கினேன். சீட்டு யாரும் கேட்கவில்லை, நானும் டாக்டரைக் கேட்கவில்லை. மூன்றே நாளில் தோல் பளிச்சென்று ஆயிற்று. "அப்பா கை வைத்தால் சரியாகிடும்" என்று மகள் அதையே வாங்கிக்கொண்டு போனாள். நாலு மாதம் விடாமல் பூசியிருக்கிறாள். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே ரத்தக் குழாய் தெரிந்தது. நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. கோயமுத்தூரில் தோல் டாக்டர், "நீங்க இந்தத் தொழில்ல இருந்தவருங்களா?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த டியூபில் இருந்தது வீரியமான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. வீக்கத்தை அடக்க அதைப் போல் வேறு மருந்து குறைவு. டாக்டர் சொன்ன வீரியத்தில், சொன்ன நாளுக்கு மட்டும் பூசினால் பயமில்லை. ஆனால் படர்தாமரை மேல் அதைப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளுக்குள் பரவும். 2018-இல் மத்திய அரசு இவ்வகைக் களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, கடைக்காரரிடம் பெயரைச் சொல்லிக் கேட்கும் நம் பழக்கம் போகவில்லை.

சரி, கரப்பான் என்பது என்ன? எக்ஸிமா என்று டாக்டர்கள் சொல்வது. ரத்தத்தில் அழுக்கு சேர்ந்து வருவதில்லை. மற்றவர்க்கு ஒட்டுவதும் இல்லை. பள்ளியில் தனி பெஞ்சில் உட்கார வைப்பதும், பெண் பார்க்க வந்தவரிடம் மறைப்பதும் வீண் கொடுமை. தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. செல்கள் செங்கல், இடையில் உள்ள கொழுப்புப் பசை சுண்ணாம்புக் காரை. காரை உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் தூசியும் சோப்புக் காரமும் உள்ளே போகும். உடல் அதை எதிர்த்துச் சண்டை போடும்போது சிவப்பும் அரிப்பும். சொறிந்தால் சுவர் இன்னும் இடியும். அந்தச் சுவரைக் கெட்டிப்படுத்தும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள குறைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தார் 2006-இல் காட்டினார்கள். எல்லோருக்கும் அதுவே காரணம் என்றில்லை. ஆனாலும் குடும்பத்தில் ஆஸ்துமா, தும்மல் இருந்தால் பிள்ளைக்குக் கரப்பான் வருவது ஏன் என்பது ஓரளவு விளங்கிற்று.

ஆக, மருந்துக்கு முன்னால் காரை பூச வேண்டும். அதுதான் மாய்ஸ்சரைசர். வாசலின் போன்றவை ஈரம் ஓடாமல் மூடி வைக்கும்; கிளிசரின், யூரியா ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். (யூரியா பெரியவர் குதிகாலுக்கு நல்லது, பிள்ளையின் புண்பட்ட தோலில் எரியும்.) எது ஒசத்தி? 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தில் 550 குழந்தைகளுக்கு லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் என நாலு வகையும் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளை முகம் சுளிக்காமல் பூசிக்கொள்வது எதுவோ அதை வாங்கினால் போதும், விலை உயர்ந்த டப்பா தேவையில்லை.

நாம் தவறுவது அளவில்தான். உடம்பு முழுக்க வறண்ட குழந்தைக்கு வாரம் 250 கிராம் வரை செலவாகும். நம் வீடுகளில் 50 கிராம் டியூப் இரண்டு மாதம் ஓடுகிறது! வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடத்தில் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காயுமுன் பூசுங்கள். முடி சாயும் திசையில் தடவுங்கள். பயத்தமாவு, சீயக்காய் தேய்த்து எண்ணெய்ப் பசை போகக் குளிப்பாட்டுவது இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. தேங்காய் எண்ணெயைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளிடம் எட்டு வாரம் சோதித்ததில் மினரல் ஆயிலை விட அது மேலாக இருந்தது. ஆலிவ் எண்ணெய் தோல் சுவரைக் கெடுக்கும் என்று தெரிந்திருப்பதால், வெளிநாட்டிலிருந்து அதைக் கொண்டுவந்து குழந்தைக்குத் தேய்க்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். சில வருடம் இடுக்கியில், உடும்பஞ்சோலைப் பக்கம் வேலை பார்த்தேன். கம்பம், போடியிலிருந்து ஜீப்பில் ஏலத் தோட்ட வேலைக்கு வரும் பெண்களின் உள்ளங்கை வெடித்து, மடக்க முடியாமல் இருக்கும். பகலில் ஈரமும் பூச்சிமருந்தும், வீட்டில் சோப்புத் தூளும் பாத்திரமும். "கை காஞ்சா கூலி காஞ்சிரும்ணே" என்றார் ஒருவர். களிம்பு கொடுத்தேன், பாத்திரம் கழுவும்போது ரப்பர் உறை, அதற்குள் பருத்தி உறை போடச் சொன்னேன். இரண்டு உறையா என்று சிரித்தார்கள். போட்டவர்களுக்குக் கை தேறியது.

டாக்டரிடம் ஓட வேண்டிய வேளை ஒன்று உண்டு. மஞ்சள் பொருக்கும் சீழும் வைத்தால் அன்றே காட்டுங்கள். காய்ச்சலோடு சிறு கொப்புளங்கள் கும்பலாக, வலியோடு வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. அது ஹெர்பிஸ் கிருமி.

களிம்பு ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும். கார்த்திகை விளக்கு, கேஸ் அடுப்பு, பட்டாசு பக்கம் பிள்ளையை விடும்முன் பழைய சட்டையை மாற்றுங்கள். பேரனுக்கு இப்போது பதினாலு வயது. டிசம்பரில் வரும்போது டப்பாவை அவனே பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறான்.