பேசாத பிள்ளை: பயிற்சி யாருக்கு?



மூன்று வயது நிரம்பியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. தாகம் எடுத்தால் வாய் திறவாமல் தாயின் கையைப் பற்றிப் பானையருகே இழுத்துச் செல்கிறது. சோடா மூடிகளை மணிக்கணக்கில் வரிசையாக அடுக்குகிறது. இத்தகைய குழந்தை உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ இருக்கக்கூடும். "இவன் அத்தாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று பெரியவர்கள் தேற்றுவார்கள். கண்ணேறு என்பார் சிலர். தாயத்துக் கட்டச் சொல்வார் சிலர். இவற்றுக்கிடையே விலைமதிப்பற்ற ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

மேற்சொன்னவை ஆட்டிசத்தின் அடையாளங்களாக இருக்கலாம். 1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் லியோ கானர், பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்நிலையை விரிவாக விளக்கினார்.

தாயைப் பழிக்காதீர்!

பாசம் காட்டாத தாயே இதற்குக் காரணம் என்றொரு கொடிய கருத்து மேலைநாடுகளில் பல்லாண்டுகள் நிலவியது. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், 1964-இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்து, இது உடற்கூறு சார்ந்தது என்று வாதிட்டார். மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடே இது என்பதும், மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்குண்டு என்பதும் இன்று தெளிவாகியுள்ளன. வளர்ப்பு முறையாலோ தடுப்பூசியாலோ இது வருவதன்று. எனவே, "நீ சரியாகக் கவனிக்கவில்லை" என்று மருமகளைக் குத்திக்காட்டும் மாமியார்கள் அப்பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வீடே பள்ளிக்கூடம்

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் தேசிய நிறுவனம் இயங்கி வருவது உண்மையே. ஆயினும் திண்டிவனத்தில் தினக்கூலிக்குச் செல்லும் தந்தையோ, விழுப்புரத்தில் சிறுகடை நடத்துபவரோ, வாரந்தோறும் பிழைப்பை விட்டுவிட்டுக் குழந்தையுடன் பேருந்தேற இயலுமா?

இக்கேள்விக்கு நம்பிக்கையூட்டும் விடை ஒன்று உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களைக் கொண்டு நடத்தப்பெற்ற ஆய்வு ஒன்று 2016-இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் பெற்றோரை 12 முறை சந்தித்தார்கள். குழந்தையோடு பெற்றோர் விளையாடுவதைப் படம் பிடித்து, அதனை அவர்களுடனேயே பார்த்து, எங்கே அவசரப்பட்டார்கள், எங்கே குழந்தை அவர்களை நாடியது என்று எடுத்துக்காட்டினார்கள். விளைவாக, பெற்றோர் குழந்தையின் போக்கறிந்து பேசப் பழகினார்கள். குழந்தைகளும் தாமாக முன்வந்து பெற்றோரை நாடுவது கூடிற்று. முதற்பயிற்சி பெற்றோருக்கே என்பது இதனால் புலனாகும்.

நீங்கள் செய்யத் தக்கவை யாவை? மூடிகளை அடுக்கும் குழந்தையிடமிருந்து அவற்றைப் பிடுங்காதீர்கள். அருகில் அமர்ந்து நீங்களும் ஒரு மூடியை வையுங்கள். பிஸ்கட்டைப் பாதியாக ஒடித்துக் கொடுத்து, மீதியைக் கையில் வைத்துக்கொண்டு சற்றே காத்திருங்கள். அது உங்களைப் பார்த்தாலும் கை நீட்டினாலும் "பிஸ்கட்" என்ற ஒரே சொல்லைச் சொல்லி உடனே கொடுங்கள். தூளியை ஆட்டி நிறுத்துங்கள். "இன்னும்" என்று சொல்லிவிட்டு ஆட்டுங்கள். மிக்ஸியின் ஓசைக்கு அஞ்சினால், ஓட்டுமுன் காட்டிச் சொல்லுங்கள். பெருநாள் கூட்டத்தில் துவண்டுபோனால், ஓர் அமைதியான அறையை ஒதுக்கிக் கொடுங்கள்.

நம் வீடுகள் பலவற்றில் உர்தூவும் தமிழும் கலந்து ஒலிக்கும். ஒரு மொழியை அறவே விட்டுவிட வேண்டுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இருமொழிச் சூழல் இக்குழந்தைகளின் பேச்சைப் பின்னடையச் செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாயின் நெஞ்சிலிருந்து இயல்பாக வரும் மொழியே குழந்தைக்கு ஏற்றது.

இவையனைத்தும் தாய் ஒருத்தியின் சுமையாகிவிடக் கூடாது. நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் தந்தையோ பாட்டியோ குழந்தையை ஏற்றுக்கொண்டால், அவள் சற்று இளைப்பாற முடியும்.

காத்திருக்க வேண்டாம்

ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிச் சுட்டிக்காட்டாவிடினும், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிடினும், வந்த பேச்சு நின்றுபோயினும், உடனே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ அழைத்துச் செல்லுங்கள். செவித்திறனையும் சோதிக்கக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுள்ளது. சான்றிதழுக்கும் உதவிகளுக்கும் விழுப்புரத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

துஆச் செய்வதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் முழுதாய்க் குணப்படுத்துவோம் என்று பணம் பறிப்போரிடம் ஏமாறாதீர்கள். அத்தகைய மருந்து எதுவும் இல்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் இக்குழந்தை. அது கேட்பது, தினமும் தரையில் தன்னோடு அமர்ந்து, தன் விடைக்காகச் சில நொடிகள் காத்திருக்கும் ஒருவரையே.