துப்பாக்கிக்கு முன்னால் பைனாக்குலர்!

ஜெர்மனி நாட்டில் ஒரு கோதுமை வயல். ஜூலை மாதம். அங்கே கோடைகாலத்தில் இரவு 9 மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும். கதிர்கள் பால் பிடித்திருக்கும் நேரம். வயலுக்கு அப்பால் காடு.

காட்டின் ஓரத்தில் மரத்தால் கட்டிய பரண் ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஒரு வேட்டைக்காரர் அமர்ந்திருக்கிறார். துப்பாக்கி பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அவர் கையில் இருப்பது பைனாக்குலர்.

திடீரென்று கதிர்கள் அசைகின்றன. கறுப்பாக ஓர் உருவம் வெளியே வந்து நிற்கிறது. காட்டுப் பன்றி!

சுட்டுவிடலாமா? கூடாது. அது ஆணா, பெண்ணா? பெண் என்றால் குட்டி உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் அவர் துப்பாக்கியைத் தொடமாட்டார்.

தாயைக் கொல்வது குற்றம்

ஜெர்மனியில் வேட்டையாட உரிமம் வேண்டும். அந்த உரிமம் சுலபத்தில் கிடைக்காது. எழுத்துத் தேர்வு, துப்பாக்கி சுடும் தேர்வு, நேரில் கேள்வி கேட்கும் தேர்வு ஆகிய மூன்றிலும் தேற வேண்டும். விலங்கைப் பார்த்தவுடன் அதன் இனம், வயது, ஆண், பெண் ஆகியவற்றைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

குட்டிகளை வளர்த்துக்கொண்டிருக்கும் தாயைச் சுடுவதை அந்நாட்டு வேட்டைச் சட்டம் தடுக்கிறது. மீறினால் சிறைத் தண்டனைகூட உண்டு. காரணம் எளிது. தாய் செத்தால் பால் குடிக்கும் குட்டிகள் பட்டினியால் சாகும்.

ஆனால், இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு பன்றிக் கூட்டம் ஒரே இரவில் வயலை உழுதுபோட்டது போல் ஆக்கிவிடும். விவசாயிக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டிய பொறுப்பு, பெரும்பாலும் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர் தலையில்தான் விழும். ஆகவே, பன்றியைச் சுடாமல் விட்டாலும் நஷ்டம். தவறாகச் சுட்டாலும் குற்றம்.

தாய்ப் பன்றி சில சமயம் தனியாக முதலில் வெளியே வரும். குட்டிகள் உயரமான பயிருக்குள் மறைந்திருக்கும். வெறும் கண்ணுக்கு அது "ஒற்றைப் பன்றி"யாகவே தெரியும். சிறு குட்டிகளின் உடம்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகளைக் கதிர்களின் இடுக்கில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் பைனாக்குலர்.

துப்பாக்கியின் மேல் கண்ணாடி இருக்கிறதே!

"துப்பாக்கியின் மேலேயே தூரப் பார்வைக் கண்ணாடி பொருத்தியிருக்கிறார்களே, அது போதாதா?" என்று கேட்கலாம்.

போதாது. அந்தக் கண்ணாடி வழியாக எதைப் பார்த்தாலும், துப்பாக்கியின் வாயும் அதை நோக்கியே திரும்பும். புதருக்குப் பின்னால் அசைவது பன்றி அல்ல, காளான் பறிக்க வந்த மனிதர் என்றால்? ஒரு விரல் தவறினால் உயிர் போய்விடும். "முதலில் பைனாக்குலர், பிறகுதான் துப்பாக்கி" என்பது நல்ல வேட்டைக்காரர்களின் முதல் பாடம்.

அந்த இரண்டு எண்கள் என்ன?

ஒவ்வொரு பைனாக்குலரிலும் 8×30, 10×42 என்பது போல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் எண், எத்தனை மடங்கு என்பதைச் சொல்கிறது. 8 என்றால், 800 மீட்டர் தூரத்தில் நிற்கும் மான் 100 மீட்டரில் நிற்பது போலத் தெரியும்.

இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் அகலம். 30 என்றால் 30 மில்லிமீட்டர்.

முதல் எண் பெரிதாக இருந்தால் நல்லது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உருவத்தை 10 மடங்கு பெரிதாக்கினால், கையின் நடுக்கமும் 10 மடங்கு பெரிதாகும். பார்க்கும் பரப்பும் சுருங்கும். 10 மடங்குக்கு மேல் போனால், முக்காலி இல்லாமல் ஆடாமல் பார்ப்பது கடினம்.

மழையும் அண்டாவும்

மழையில் ஒரு சட்டியை வைத்தால் கொஞ்சம் தண்ணீர் சேரும். அண்டாவை வைத்தால் நிறையச் சேரும். வெளிச்சமும் அப்படித்தான். முன்கண்ணாடி அகலமாக இருந்தால் அதிக வெளிச்சம் உள்ளே வரும்.

அப்படிச் சேர்ந்த வெளிச்சம் ஒரு வட்டக் கற்றையாகக் கண்ணுக்குள் போகிறது. அதன் அகலத்தைக் கணக்கிடுவது சுலபம். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுக்க வேண்டும். 8×30 என்றால் 3.75 மில்லிமீட்டர். 10×42 என்றால் 4.2. 8×42 என்றால் 5.25. 8×56 என்றால் 7.

இந்த வெளிச்சம் நுழையும் வாசல், நம் கண்ணின் பாவை. பட்டப்பகலில் அது 2 அல்லது 3 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். இருட்டில் இளைஞர்களுக்கு 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயதாக ஆக அந்த அளவுக்கு விரியாது. 60 வயதில் பலருக்கு 5 மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிடுகிறது.

சீசாவின் வாய் சிறிதாக இருக்கும்போது அண்டாத் தண்ணீரைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? வெளியேதான் வழியும். பகலில் 8×56 வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். 8×30ஐவிட அது பிரகாசமாகக் காட்டாது. வயதானவர் அதைப் பெரும் பணம் கொடுத்து வாங்கினாலும் முழுப் பயன் கிடைக்காது.

எது யாருக்கு?

8×30: எடை குறைவு. நாள் முழுவதும் கழுத்தில் தொங்கினாலும் வலிக்காது. பகலில் காட்டுக்குள் நடப்பவர்களுக்கு ஏற்றது. அந்தி சாய்ந்தால் தடுமாறும்.

10×42: மலைச்சரிவில் வெகு தூரத்தில் மேயும் மானைப் பார்ப்பவர்களுக்கு ஏற்றது. பாறையில் முழங்கையை ஊன்றிப் பார்க்கலாம்.

8×42: எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர்கள் இதை வாங்கலாம்.

8×56: அந்திக்கென்றே செய்தது. ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ஆனால் பரணில் உட்காருபவருக்குக் கவலை இல்லை. கையை ஊன்றக் கட்டை இருக்கிறதே!

ஜெர்மனியில் 8×56 ரகத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அங்கே மான்களைச் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் வரை வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. காட்டுப் பன்றிக்கு அந்த நேரக் கட்டுப்பாடு இல்லை. மங்கிய வெளிச்சத்தில்தான் அவர்களுக்கு வேலையே!

இப்போது உடலின் சூட்டைக் கொண்டு விலங்கைக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. இருட்டில் ஒரு விலங்கு எங்கே நிற்கிறது என்பதை அவை சட்டென்று காட்டும். ஆனால், அடர்ந்த பயிருக்குப் பின்னால் மறைந்திருக்கும் குட்டியை அவையும் தவறவிடலாம்.

ஜெனா நகரில் பிறந்த அதிசயம்

பழைய காலத்து இரட்டைக்குழல் கண்ணாடிகள் மூன்று, நான்கு மடங்குதான் பெரிதாகக் காட்டும். 1854-ல் இக்னாசியோ போர்ரோ என்ற இத்தாலியர் ஒரு வழி கண்டுபிடித்தார். முப்பட்டைக் கண்ணாடிகளை உள்ளே வைத்து, ஒளியை மடக்கி மடக்கி அனுப்பினார். நீளமான குழல் குட்டையானது. தலைகீழாக விழுந்த உருவமும் நேரானது.

அக்காலத்தில் அதற்குத் தகுந்த நல்ல கண்ணாடி கிடைக்கவில்லை. பிறகு ஜெர்மனியின் ஜெனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே என்ற விஞ்ஞானி அந்தக் குறையைத் தீர்த்தார். 1894-ல் ஸெய்ஸ் கம்பெனியின் பைனாக்குலர்கள் விற்பனைக்கு வந்தன.

இன்னொரு குறை பாக்கி இருந்தது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு ஒளி திருப்பி அடிக்கப்படும். பைனாக்குலருக்குள் இப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு ஒளி வீண்! 1935-ல் அதே ஸெய்ஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் ஸ்மகூலா என்பவர், கண்ணாடியின் மேல் மிக மெல்லிய பூச்சுப் பூசி இந்த இழப்பைக் குறைத்தார். தாத்தா காலத்துப் பூச்சில்லாத பைனாக்குலர் அந்தியில் மங்கித் தெரிவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

* நண்பகலில் எல்லாமே நன்றாகத் தெரியும். மாலை மங்கும் நேரத்தில் கடைக்குப் போங்கள். நிழலில் உள்ள ஒரு பெயர்ப் பலகையைப் படித்துப் பாருங்கள்.

* பைனாக்குலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து வானத்தை நோக்கிக் காட்டுங்கள். கண் வைக்கும் பக்கத்தில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டது போல இருந்தால் மட்டம்.

* இரண்டு கண்ணாலும் சில நிமிடம் பாருங்கள். உருவம் இரண்டாகப் பிரிந்தாலோ, தலை வலித்தாலோ, குழல்கள் நேராக இல்லை என்று அர்த்தம்.

* முதலில் இடது கண்ணால் மட்டும் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு வலது கண்ணால் மட்டும் பார்த்து, வலது குழலில் உள்ள வளையத்தைத் திருப்புங்கள். சிலவற்றில் இந்த வளையம் வேறு இடத்தில் இருக்கும், கடைக்காரரைக் கேளுங்கள்.

* மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றாமலே பார்க்க வேண்டும். காட்சியின் ஓரம் மறைந்தால் வேறு ரகம் கேளுங்கள்.

* ஒருபோதும் சூரியனைப் பார்க்காதீர்கள்! கண் பறிபோகும். குழந்தைகள் கையில் கொடுக்கும்போது இதை முதலில் சொல்லுங்கள்.

நம் நாட்டில்...

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு வேட்டை குற்றமாகிவிட்டது. ஆனால், பைனாக்குலருக்கு வேலை போகவில்லை. குளிர்காலத்தில் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குப் போனால் பார்க்கலாம். கழுத்தில் பைனாக்குலர் தொங்க, நாரைக் கூட்டை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பலர். அவர்களுக்கும் 8×42 ரகமே போதும்.

பரணில் இருந்த வேட்டைக்காரர் என்ன ஆனார்?

அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பன்றி தலையைத் தூக்கி மோப்பம் பிடிக்கிறது. அதன் பின்னால் கதிர்கள் மறுபடியும் அசைகின்றன. கோடு போட்ட சின்னஞ்சிறு உருவங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு!

அவர் பைனாக்குலரைக் கீழே வைக்கிறார். நாளைக் காலையில் விவசாயிக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லிக்கொள்ளலாம். துப்பாக்கி சாய்த்த இடத்திலேயே இருக்கிறது.