வெண்பூக் களையும் வெண்ணிற உருண்டைகளும்

சென்ற ஆண்டு மழை ஓய்ந்தபின் எங்கள் மத்ரஸாவின் பின்புறத் திடலில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அதனைப் பிடுங்குமாறு மாணவர்களை ஏவியவன் நானே. இரண்டு நாள்களில் ஒரு சிறுவனின் இமைகளும் கழுத்தும் தடித்துச் சிவந்தன. மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். அச்சிறுவனின் உம்மாவோ ஒரு சிறு புட்டியைக் காட்டி, "ஹஜ்ரத், இதே செடியில் செய்த ஹோமியோ மருந்தாம். களிம்பை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?" என்று வினவினார். கலைப் பட்டதாரியாகிய எனக்கு உடனே விடை தெரியவில்லை. படித்தறிந்ததை ஈண்டு எழுதுகிறேன்.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளே இக்களையின் தாயகம். 1950களின் நடுவில் புனேயில் காணப்பட்டது. இறக்குமதிக் கோதுமையுடன் வந்ததென்பர். ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். இதிலுள்ள பார்த்தீனின் என்னும் பொருள் தோலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்குகிறது. காய்ந்த துகள் காற்றில் பறந்து வந்தாலே போதும். மகரந்தமோ தும்மலையும் ஆஸ்துமாவையும் தூண்டும்.

கியூபா நாட்டார் இதனை 'எஸ்கோபா அமார்கா', அதாவது கசப்பு விளக்குமாறு என்பர். போரிக் என்பாரின் ஹோமியோபதி மருந்து நூலிலும் இஃது இடம்பெற்றுள்ளது. ஆனால் காய்ச்சலுக்குரிய கியூபா மருந்தாகவே!

ஹானிமன் 1790இல் சின்கோனாப் பட்டையைத் தாமே உண்டு பார்த்ததிலிருந்து, நலமுள்ளோருக்கு மருந்தைக் கொடுத்து, தோன்றும் குறிகளைக் குறித்துக்கொள்வது ஹோமியோபதியின் வழக்கம். இதனை 'புரூவிங்' என்பர். மருந்தற்ற வெறும் உருண்டையை உண்டவரும் தலைவலி, அரிப்பு என்று எழுதக் கூடுமல்லவா? ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லையேல் அக்குறிப்பேட்டால் பயனில்லை. மேலும், நூற்றில் ஒன்றாக 30 முறை கரைத்தால், 1ஐ அடுத்து 60 சுழியங்கள் கொண்ட விகிதம் கிடைக்கிறது. பன்னிரண்டாம் படியைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஓர் அணுவும் எஞ்சுவது அரிது. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயனளிப்பதாக நம்பத்தக்க சான்றில்லை என 2015இல் ஆஸ்திரேலிய தேசிய மருத்துவ ஆய்வுக் குழு அறிவித்தது. (இம்மருந்துகளில் சேரும் ஆல்கஹால் பற்றிய மார்க்கத் தீர்ப்பு தனியே எழுதத் தக்கது.)

ஆகவே அந்தத் தாயிடம், "களிம்பை நிறுத்தாதீர்கள், மூச்சு இரைத்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்" என்றேன். சிறுவனைத் திடலின் பக்கமே விடவில்லை. பத்து நாள்களில் வீக்கம் வடிந்தது.

இவ்வாண்டும் மேற்கு மூலையில் முளைத்திருக்கிறது. பூக்குமுன், ஈரம் காயாதபோது, கையுறை அணிந்து, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, பெரியவர்களாகிய நாங்களே வேரோடு பிடுங்குகிறோம்.