பஸ் ஒத்துக்கொள்ளாத தேகம்

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு எவ்வளவு தூரம் என்று யாரைக் கேட்டாலும், சுமார் 10 கிலோமீட்டர் என்பார்கள். நம்மில் சிலருடைய கணக்கு வேறு. அது ஓர் எலுமிச்சம்பழத் தூரம். அம்பத்தூரிலிருந்து பாடி மேம்பாலத்தைக் கடந்து கோயம்பேடு போவதென்றால், பழத்தோடு ஒரு துண்டு நார்த்தங்காயும் வேண்டும். கொல்லிமலைப் பாதையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே கொண்டை ஊசி வளைவுகள் 70. ஒரு கூடைப் பழத்தைக் கட்டிக்கொண்டு போனாலும் போதாது!

பஸ்ஸில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தால் எல்லோரும் இரங்குகிறார்கள். ஒரு பாட்டி தண்ணீர் கொடுக்கிறாள். ஒருவர் ஜன்னலோரத்தை விட்டுக் கொடுக்கிறார். ஆனால் நாற்பத்தைந்து வயதில், மூக்குக் கண்ணாடியும் கையில் விடைத்தாள் கட்டுமாக இருக்கும் உபாத்தியாயர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால், பக்கத்து ஸீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "காலை எட்டு மணிக்கேவா?" என்கிற மாதிரி பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு மருந்து கிடையாது. ஆகையால் வயது வந்தவர்கள் இந்த உபாதையை வெளியில் சொல்லுவதில்லை. கல்யாணத்துக்கு அழைத்தால் லீவு இல்லை என்கிறார்கள். நல்ல உத்தியோகம் வந்தாலும், ஊர் தூரம் என்று தட்டிக் கழித்துவிடுகிறார்கள். ஊரார் அவர்களுக்குக் 'கர்வி' என்றும், 'சோம்பேறி' என்றும் பட்டம் சூட்டுகிறார்கள்.

நம் ஊரில் இதைப் 'பித்த உடம்பு' என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் குற்றம் பித்தத்தினுடையது அல்ல. காதினுடையது என்று சொன்னால் நேயர்கள் வியப்படையலாம். நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும், மிக நுண்ணிய சுண்ணாம்புக் கற்களைத் தாங்கிய இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை திரும்புவதையும், உடல் முன்னே தள்ளப்படுவதையும், குலுங்குவதையும் இவையே மூளைக்கு அறிவிக்கின்றன. பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியைப் படிக்கிறவருடைய கண், "நாம் அசையாமல் இருக்கிறோம்" என்கிறது. காதோ, "ஆடுகிறோம், வளைகிறோம், பிரேக் போட்டாகிவிட்டது" என்று கூவுகிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது மூளை திகைக்கிறது. அதன் பலனை வயிறு அனுபவிக்கிறது. உட்காதின் இந்த உறுப்பு அடியோடு செயலற்றுப் போனவர்களுக்கு எந்தக் கப்பலும் எந்தப் பஸ்ஸும் குமட்டலை உண்டாக்குவதில்லை என்பதே இதற்குப் போதிய அத்தாட்சி.

வயிறு ஏன் நடுவில் வரவேண்டும்? டிரீஸ்மன் என்ற ஆராய்ச்சியாளர் 1977-இல் ஒரு விளக்கம் சொன்னார். விஷம் தின்ற பிராணிக்குக் கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று மாறாகச் சேதி சொல்லும். ஆகவே அப்படி நேரும்போதெல்லாம் தின்றதை வெளியேற்றிவிடும்படி இயற்கை ஏற்பாடு செய்திருக்கிறது என்றார். எல்லா விஞ்ஞானிகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு என்னவோ இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. மாநகர பஸ்ஸை விஷம் என்று நினைக்கும் மூளையை முற்றிலும் முட்டாள் என்று சொல்ல மனம் வரவில்லை.

எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி உபத்திரவம் செய்வதில்லை. விரைவான அதிர்ச்சியைத் தேகம் தாங்கிக்கொள்கிறது. ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒரு தடவை மெள்ள எழும்பித் தாழும் ஆட்டமே மிகவும் பொல்லாதது என்று 1970-களில் நடந்த பரிசோதனைகள் காட்டின. கப்பல் அப்படித்தான் ஆடுகிறது. நெரிசலில் நின்று நின்று போகும் பஸ்ஸும் கொஞ்சம் அப்படித்தான். வெளியே பார்க்க வழியில்லாவிட்டால் துன்பம் இரட்டிக்கிறது. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அத்தகைய இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டுப் போகும் சிப்பாய்களையும் இது விடுவதில்லை.

வீரர்கள் என்ற பேச்சு வந்ததால் சொல்லுகிறேன். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்ஸனுக்குக் கடல் கொந்தளித்தால் குமட்டும். டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றினார். கடைசி வரையில் அவருக்குக் கடல் பழகவில்லை. 1961-இல் வானவெளிக்குப் போன ரஷ்யர் டிட்டோவ், அங்கேயும் குமட்டல் உண்டு என்று கண்டறிந்த முதல் மனிதர். 1984-இல் நம் ராகேஷ் சர்மா விண்ணில் யோகாசனம் செய்து பார்த்தது, எடையற்ற நிலையில் உடல்படும் தொல்லைகளுக்கு அது உதவுமா என்று அறிவதற்காகத்தான். காந்தி மகானோ 1891-இல் லண்டனிலிருந்து திரும்பியபோது, ஏடனிலிருந்து பம்பாய் வரையில் பிரயாணிகள் அநேகமாய் எல்லோரும் படுத்துவிட, தாம் மட்டும் மேல்தளத்தில் நின்று அலைகளை ரசித்துக்கொண்டு வந்தார். இது உறுதியைப் பொறுத்ததல்ல, உட்காதைப் பொறுத்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட சிசுக்களுக்கு இது அநேகமாய் இல்லை. ஒன்பது, பத்து வயதில் உச்சத்தை அடைந்து பிறகு தணிகிறது. ஆனால் சிலருக்குத் தணிவதே இல்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இன்னும் அதிகம்.

வண்டி ஓட்டுகிறவருக்கு மாத்திரம் இது வருவது அபூர்வம். அடுத்த வளைவு எது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். என் சக உபாத்தியாயர் ஒருவர் நாற்பத்தாறாவது வயதில் ஸ்கூட்டர் பழகினார். திருமுல்லைவாயிலிலிருந்து பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்துக்கு இப்போது அவர் மனமுவந்து போகிறார். ஓட்டத் தெரியாதவர்கள் பஸ்ஸில் முன்பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்ப்பது நலம். இல்லாவிட்டால் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். புத்தகமும் கைப்பேசியும் கூடாது. பட்டினியாகப் போவதும் வயிறு முட்டப் போவதும் இரண்டும் தவறு. பஸ் நிலையத்தில் விற்கும் இஞ்சி முரப்பா சிலருக்குக் குணம் தருகிறது. ஆராய்ச்சியாளர்கள் இஞ்சியைப் பற்றி இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

மாத்திரையின் கதை சுவையானது. 1947-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில், தோல் தடிப்புக்காக ஒரு கர்ப்பிணிக்குப் புது மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் டிராமில் வருகிறவர். வாழ்நாள் முழுவதும் டிராம் அவருக்கு ஒத்துக்கொண்டதில்லை. மருந்து தின்ற நாட்களில் அந்தக் குமட்டல் போய்விட்டது! கே, கார்லினர் என்ற வைத்தியர்கள் மறு வருஷமே துருப்புக் கப்பல் ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களுடன் சென்று அதைப் பரீட்சித்தார்கள். அதுதான் டைமென்ஹைட்ரினேட். நம் நாட்டில் அவோமின் என்ற பெயரில் கிடைப்பது வேறு மருந்து; வேலை ஏறக்குறைய ஒன்றே. இவற்றைக் குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கிப் பெரிய பயனில்லை. புறப்படுவதற்கு முன்பே சாப்பிட வேண்டும். தூக்கம் வரும், ஆகவே வண்டி ஓட்டக் கூடாது. கண் நீர் அழுத்தமோ, சிறுநீர்த் தடையோ உள்ள முதியவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடலாகாது.

ரயில் இருக்கும் இடத்தில் மாத்திரையின் அவசியம் குறைவு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ஓடிய பாதைதான் அம்பத்தூரையும் ஆவடியையும் தொட்டுப் போகிறது. நேரான பாதை, சீரான ஓட்டம். எங்கள் தெருவில் ஓர் அம்மாள் மகளை உதகமண்டலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். பேரன் பிறந்து மூன்று வருஷம் ஆகியும் போய்ப் பார்க்கவில்லை. மலைப் பாதை பஸ்ஸை நினைத்தாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். மகளோ, "அம்மாவுக்கு என்மேல் பிரியமில்லை" என்று மனம் கசந்திருந்தாள்.

சென்ற வருஷம் ஒருவர் யோசனை சொல்ல, அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் படுத்துறங்கி, மேட்டுப்பாளையத்தில் இறங்கினார். அங்கிருந்து 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் எட்டிய பல்சக்கர ரயில் இருக்கிறது. 46 கிலோமீட்டரை ஏறிக் கடக்க அதற்குச் சுமார் 5 மணி நேரமாகும். வளைவுகள் ஏராளம், ஆனால் அந்த வேகத்தில் உட்காது அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. குன்னூரில் இறங்கிக் காப்பி கூடச் சாப்பிட்டாராம். பத்து நாள் பேரனோடு இருந்துவிட்டுப் புறப்பட்டபோது, காரில் மேட்டுப்பாளையம் வரை கொண்டுவிடுவதாக மருமகன் சொன்னார்.

"ரயிலுக்கே டிக்கட் வாங்கிவிடுங்கள், மாப்பிள்ளை" என்றார் அந்த அம்மாள்.